கார்னிஷ் கோழி: எடையா, நடையா?

மார்ச் மாதம் பிறந்தால் போதும், இங்கே அமெரிக்காவில் தீவனக் கடைகளில் தகரத் தொட்டிகளுக்குள், சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், கோழிக்குஞ்சுகள் கீச்சிடத் தொடங்கிவிடும். 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலரைத் தாண்டியது. அதற்குப் பிறகு அந்தத் தொட்டிகளை எட்டிப் பார்ப்பவர்களில் நம்மவர்கள் முகமும் அடிக்கடி தென்படுகிறது. வீட்டில் கோழி வளர்ப்பவன் என்பதால் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி வரும்: "கார்னிஷ் என்று ஒன்று இருக்கிறதாமே, நம் நாட்டுக்கோழி மாதிரியே இருக்குமாமே, வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனால் எதை வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கார்னிஷ் அருமையான பழைய இனம். வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வம்சம் வளர்க்கலாம். ஆனால் அது மருந்தும் அல்ல, மலிவும் அல்ல. அதை எடைக்காக வளர்த்தால், பெரிய கோழிப் பண்ணைகள் எழுபது வருடமாகப் போன அதே பாதையில்தான் நாமும் போவோம் என்பது என் கருத்து. சைவ வாசகர்கள் இந்த ஒரு பக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். குழந்தைகள், பெரியவர்கள் பற்றிய பகுதி முட்டைக்காக மட்டும் கோழி வளர்ப்பவர்களுக்கும் பொருந்தும்.

ஒரே பெயரில் மூன்று கோழிகள்

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது.

முதலாவது, சூப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்து விற்கும் 'கார்னிஷ் கேம் ஹென்'. கைக்கு அடக்கமாக இருப்பதால் "இது காட்டுக்கோழி போல ஏதோ ஒரு தனி இனம்" என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள். அமெரிக்க விவசாயத் துறையின் விளக்கப்படி அது 5 வாரத்துக்கும் குறைந்த வயதுள்ள, 2 பவுண்டுக்கு மிகாத எடையுள்ள இளங்கோழி, அவ்வளவுதான். 'ஹென்' என்று பெயர் இருந்தாலும் அது சேவலாகவும் இருக்கலாம். வேட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது, தீவனக் கடையில் மஞ்சள் பஞ்சு உருண்டையாக நிற்கும் 'கார்னிஷ் கிராஸ்'. கடையில் கிடைக்கும் வெள்ளைக் கறிக்கோழியின் குஞ்சு இதுதான். கார்னிஷ் வழி வந்த தந்தை வரிசையையும் ஒயிட் பிளிமத் ராக் வழி வந்த தாய் வரிசையையும் சேர்த்து உண்டாக்கியது. 6 முதல் 8 வாரத்தில் அறுப்பதற்கென்றே உருவானது. பாசத்தில் அதற்கு மேல் வைத்திருந்தால், உடம்பின் பாரம் தாங்காமல் கால் மடங்கும். பல கோழிகள் மாரடைத்துச் சாகும். இதிலிருந்து வம்சம் எடுக்க நினைப்பது வீண். முட்டையிடும் வயதுவரை நலமாக வருவதே அரிது. வந்தாலும் குஞ்சுகள் தாயைப் போல இருக்காது.

மூன்றாவதுதான் நாம் பேசும் அசல் கார்னிஷ். குஞ்சுப் பட்டியலில் 'டார்க் கார்னிஷ்', 'ஒயிட் லேஸ்டு ரெட் கார்னிஷ்' என்ற பெயர்களில் இருக்கும். அகன்ற நெஞ்சு, விலகி நிற்கும் உறுதியான கால்கள், உடம்போடு ஒட்டிய இறகு, பட்டாணிக் கொண்டை. சேவலின் கறுப்பு இறகில் வெயில் பட்டால் பச்சை மினுங்கும். பெட்டையின் ஒவ்வொரு இறகிலும் இரட்டைக் கறுப்புக் கரை ஓடியிருக்கும். பார்த்ததும் நம்மில் பலருக்கு ஊர்ச் சண்டைச் சேவல்தான் நினைவுக்கு வரும்.

இது நமக்குத் தூரத்துச் சொந்தம்

அந்த நினைவு தவறில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் பகுதியில் 1820 வாக்கில் இந்த இனம் உருவானது. அதை உருவாக்கியவர் சர் வால்டர் கில்பர்ட் என்று சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இந்தியாவில் பணியாற்றியவர் அவர். இந்தியாவிலிருந்து போன அசீல் சண்டைக்கோழியையும் இங்கிலாந்தின் சண்டைக்கோழியையும் கலந்தார்கள். பிற்பாடு மலாய் இனமும் சேர்ந்தது. நல்ல சண்டைச் சேவல் வேண்டும் என்பதுதான் நோக்கம். வந்ததோ சண்டைக்கு மந்தமான, ஆனால் நெஞ்சிலும் தொடையிலும் கறி நிறைந்த கோழி. இங்கிலாந்தில் இன்றும் இதற்கு 'இந்தியன் கேம்' என்றுதான் பெயர். அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1893இல் 'கார்னிஷ் இந்தியன் கேம்' என்று தன் தரப் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டது. பிறகு 'இந்தியன்' உதிர்ந்துபோய் கார்னிஷ் மட்டும் நின்றது. ஊரை விட்டு வந்து பெயரைச் சுருக்கிக்கொண்டவர்கள் நாம் மட்டும் அல்ல!

எடையைத் துரத்திய கதை

1940களில் அமெரிக்காவில் கோழி என்றால் முக்கியமாக முட்டைதான். கறி அதன் உபரி. இதை மாற்ற 'நாளைய கோழி' என்று நாடு தழுவிய போட்டி ஒன்று நடந்தது. 1948இல் தேசிய இறுதிப் போட்டியில் வென்றது கலிபோர்னியாவைச் சேர்ந்த வான்ட்ரஸ் பண்ணையின் சிவப்பு கார்னிஷ், நியூ ஹாம்ப்ஷயர் கலப்பு. 1951இலும் அவர்களே வென்றார்கள். அன்று முதல் கறிக்கோழி உலகில் கார்னிஷ் இரத்தம் ஓடாத பண்ணை அபூர்வம்.

அதன் பின் என்ன நடந்தது என்பதற்குக் கனடாவின் ஆல்பெர்டா பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நல்ல சாட்சி. 1957, 1978 காலத்து வகைகளை மாற்றாமல் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அவற்றையும் 2005ஆம் ஆண்டு வகையையும் ஒரே தீவனம் போட்டு ஒன்றாக வளர்த்தார்கள். 56ஆம் நாளில் 1957 வகையின் எடை 905 கிராம். 1978 வகை 1,808 கிராம். 2005 வகை 4,202 கிராம்.

தீவனம் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். "வெள்ளைக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் பெருக்க வைக்கிறார்கள்" என்ற பேச்சு நம் விருந்துகளில் தவறாமல் வரும். அமெரிக்காவில் கோழிக்கு ஹார்மோன் கொடுக்க அனுமதியே இல்லை. அந்த வளர்ச்சி தலைமுறை தலைமுறையாக எடை கூடிய கோழிகளையே பொறுக்கியெடுத்து இனவிருத்தி செய்ததால் வந்தது. ஆன்டிபயாட்டிக் விஷயம் வேறு. மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகளை வெறும் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பது இங்கே 2017 முதல் நிறுத்தப்பட்டது. நோய்க்காகக் கொடுப்பது தொடர்கிறது. எனவே கடைக்கோழியைப் பற்றிப் பயப்பட வேண்டியது ஊசியைக் கண்டு அல்ல. எடை ஒன்றையே பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஓர் உயிர் தன் காலில் நிற்க முடியாத அளவுக்குப் போய்விடும் என்பதுதான் அந்தக் கதையின் பாடம்.

உடம்புக்கு நல்லதா?

சளி பிடித்தால் நாட்டுக்கோழி ரசம், பிரசவம் ஆனால் நாட்டுக்கோழிக் குழம்பு என்று வளர்ந்தவர்கள் நாம். மெதுவாக வளர்ந்து, ஓடியாடித் திரிந்த கோழியின் கறி இறுக்கமாக இருக்கும். எலும்பும் நாரும் முதிர்ந்திருப்பதால் ரசத்தில் சுவை இறங்கும். சூடான ரசம் மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும் என்பதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் "நாட்டுக்கோழியில் கொழுப்பே இல்லை, கொலஸ்ட்ரால் ஏறாது, சுகர்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்பதெல்லாம் நம் ஆசை. கோழிக்கறி கோழிக்கறிதான். தோலோடு சமைத்து, தேங்காயும் எண்ணெயும் தாராளமாக விட்டு, மூன்று தட்டுச் சோற்றோடு சாப்பிட்டால் கோழியின் குலப்பெருமை நம்மைக் காப்பாற்றாது. கார்னிஷும் கூண்டுக்குள் சும்மா இருந்து தின்றால் சீக்கிரமே கொழுப்பு கட்டும்.

அப்படியானால் நன்மை எங்கே? அளவில் இருக்கிறது. கார்னிஷ் குஞ்சு அறுக்கும் பருவம் வர நான்கைந்து மாதம் ஆகும். பாரம்பரிய இனங்களைக் காக்கும் 'லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி' அமைப்பு, 'ஹெரிடேஜ்' கோழி என்றால் சந்தை எடைக்கு வர 16 வாரத்துக்குக் குறையக் கூடாது, தானாக இணை சேர வேண்டும், வெளியே நெடுநாள் நலமாக வாழ வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கோழி வளர்க்கும் வீட்டில் மாதம் ஒரு கோழிதான் அடுப்பேறும். தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் மட்டும் கோழி அடித்த நம் தாத்தா பாட்டி காலத்துக் கணக்கு கிட்டத்தட்ட அதுதான். வாரம் நாலு நாள் கோழி என்ற பழக்கம் மாறி, அந்த இடத்துக்குப் பருப்பும் கீரையும் பயறும் திரும்பி வந்தால், அதுவே கார்னிஷ் தரும் ஆரோக்கியம். அதோடு தினமும் காலையும் மாலையும் குளிரிலும் மழையிலும் வெளியே நடக்க வைக்கும். டிரெட்மில் வாங்கித் துணி காயப்போடுபவர்களுக்கு இது நல்ல மாற்று.

வளர்க்கும் விதம்

முதலில் உங்கள் டவுன்ஷிப் அலுவலகத்தையும் வீட்டுமனைச் சங்கத்தையும் கேளுங்கள். பெட்டைக்கு அனுமதி தரும் பல ஊர்களில் சேவலுக்குத் தடை உண்டு. சேவல் இல்லாமல் முட்டை வரும், குஞ்சு வராது.

குஞ்சுகளை என்.பி.ஐ.பி. என்ற தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்த பொரிப்பகத்திலிருந்து வாங்குங்கள். மாரெக்ஸ் நோய்க்கு முதல் நாளிலேயே தடுப்பூசி போட்டு அனுப்பச் சொல்லுங்கள். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்து வரலாம். வெறும் குருணையும் தவிடும் போதாது. குஞ்சுத் தீவனம் அவசியம். கார்னிஷ் குஞ்சுகள் இடம் குறைந்தால் ஒன்றையொன்று கொத்தும். பழைய சண்டைக்குணம்! கூண்டுக்குள் கோழிக்கு 4 சதுர அடி, வெளியே 10 சதுர அடி என்பது பொதுக்கணக்கு. கார்னிஷுக்கு அதைவிடக் கூடுதலாகவே கொடுங்கள். கனத்த உடம்பு என்பதால் உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் புண் வரும். உட்காரும் கம்பு தாழ்வாக இருக்கட்டும். இறகு ஒட்டியிருப்பதால் கடுங்குளிர் தாங்காது. காற்று புகாத, ஆனால் ஈரம் தங்காத கூண்டு வேண்டும்.

தினம் ஒரு முட்டை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற இனம் அல்ல. முட்டை குறைவுதான். செலவும் கடைக் கறியைவிடக் குறையாது. இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு என்னைத்தான் திட்டுவீர்கள்.

வம்சம் எடுக்க நினைப்பவர்களுக்கு

இங்கேதான் தலைப்புக்கு வருகிறேன். தர அளவுப்படி முதிர்ந்த சேவல் பத்தரை பவுண்டு, பெட்டை 8 பவுண்டு. வளர்ப்பவர்களுக்கு அந்த எண் மீது ஒரு மயக்கம் உண்டு. இருப்பதிலேயே கனத்த சேவலை விட்டு அடுத்த தலைமுறை எடுப்பார்கள். இரண்டு மூன்று தலைமுறையில் நெஞ்சு அகன்று கால் குட்டையாகி, சேவலால் பெட்டையை மிதிக்கவே முடியாமல் போகும். அடை வைத்த முட்டையில் பாதி கூமுட்டை ஆகும். கார்னிஷ் இனத்தின் பழைய பலவீனமே இதுதான்.

என் யோசனை எளிது. எடை பார்க்கும் தராசை ஓரமாக வையுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் ஓடிவருவது எது, புல்வெளியின் கடைசி வரை போய் இரை தேடுவது எது, கால் நேராக ஊன்றி நடப்பது எது என்று ஐந்தாறு மாதம் பாருங்கள். அந்தச் சேவலை வையுங்கள். கனமாக உட்கார்ந்தே இருப்பதைக் குழம்புக்கு அனுப்புங்கள். ஐந்தாறு பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அண்ணன் தங்கை, அப்பா மகள் என்று தொடர்ந்து சேர்ந்துகொண்டே போனாலும் பொரிப்பு குறையும். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை வெளி இரத்தம் வேண்டும்.

கார்னிஷ் பெட்டை நல்ல அடைக்கோழி. கேறத் தொடங்கினால் இருட்டான மூலையில் அதன் உடம்புக்கு அடங்கும் அளவு முட்டைகளை வையுங்கள். 21 நாளில் குஞ்சு. ஏழெட்டு நாளில் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டையை நீக்கிவிடலாம். இதில் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ உங்களைவிடக் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். இங்கே வந்து நான்கு சுவருக்குள் தவிக்கும் பலருக்குக் கேட்டுச் சொல்ல ஒரு வேலை கிடைத்த மாதிரியும் இருக்கும்.

குழந்தைகளும் பெரியவர்களும்

ஆனால் நோய் வந்தால் அதிகம் பாதிக்கப்படுவதும் அவர்கள்தான். பார்க்க நலமாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் இறகிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வீட்டுக் கோழிகளால் இந்த நோய் ஆண்டுதோறும் இங்கே பரவுகிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளும், 65 வயதைத் தாண்டியவர்களும், கர்ப்பிணிகளும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து எச்5என்1 பறவைக் காய்ச்சல் அமெரிக்கக் கோழிகளிடையே பரவியது. வீட்டுக் கோழிகளும் தப்பவில்லை. 2025 ஜனவரியில் லூயிசியானாவில், வீட்டுக் கோழிகளோடும் காட்டுப் பறவைகளோடும் தொடர்பிருந்த, 65 வயதைத் தாண்டிய ஒருவர் இதனால் இறந்தார். இந்த நாட்டில் அந்த நோயால் நேர்ந்த முதல் மரணம் அது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்தச் சில பழக்கங்களை வீட்டு விதியாக்குங்கள்:

- குஞ்சை முகத்தோடு அணைப்பது, முத்தமிடுவது கூடாது. 5 வயதுக்குட்பட்டவர்கள் குஞ்சைத் தொடாமல் பார்த்து மகிழட்டும்.
- கூண்டுக்கென்று தனிச் செருப்பு. அது வீட்டுக்குள் வரக்கூடாது.
- கூண்டிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.
- தீவனமும் தண்ணீரும் காட்டு வாத்து, குருவி வாய் வைக்காத இடத்தில் இருக்கட்டும்.
- கோழிகள் திடீரென்று சாகத் தொடங்கினால் தொடாதீர்கள். மாநில விவசாயத் துறையைக் கூப்பிடுங்கள்.
- 1978க்கு முன் கட்டிய வீடாக இருந்தால், பழைய பெயின்ட்டிலிருந்த ஈயம் மண்ணில் இருக்கலாம். அது முட்டைக்கும் வரும். மண்ணைப் பரிசோதித்த பிறகு கோழியை விடுங்கள்.

கோழி சோர்ந்தால் ஊரில் போல நாமே ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்கும் வழி இப்போது இல்லை. 2023 ஜூன் முதல் அதற்கும் கால்நடை மருத்துவரின் சீட்டு வேண்டும். இது நல்லதுதான். முன்கூட்டியே கோழி பார்க்கும் மருத்துவர் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில்

நம் வழக்கங்கள் மூன்றை மாற்ற வேண்டியிருக்கிறது. ஒன்று, பெண் பிள்ளைகள் பெரியவளானதும் நல்லெண்ணெயோடு பச்சை நாட்டு முட்டை கொடுப்பது. அதே சத்து வேகவைத்த முட்டையிலும் இருக்கிறது. வீட்டு முட்டை என்பதால் கிருமி இருக்காது என்று நினைக்க வேண்டாம். ஆஃப் பாயிலுக்கும் இதுவே பதில். இரண்டு, கோழியை ஸிங்க்கில் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசுவது. அந்தத் தெறிப்பில் கிருமி சுற்றியிருக்கும் காய்கறி, பாத்திரம் எல்லாவற்றிலும் பரவும். வீட்டுக் கோழியானால் வெளியிலேயே சுத்தம் செய்து முடியுங்கள். மஞ்சளை மசாலாவோடு சேர்த்துக்கொள்ளலாம். மூன்று, அறுத்த சூட்டோடு சட்டியில் போடுவது. ஒன்றிரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சமைத்தால் கறி மிருதுவாகும். கார்னிஷ் கறி கடைக் கறியைவிட அதிக நேரம் வேகும். குக்கரில் வைத்தாலும் அவசரப்படாதீர்கள். உள்ளே 165 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வந்திருக்க வேண்டும்.

கோழியை அறுப்பதைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வற்புறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். தட்டில் இருப்பது ஓர் உயிர் என்று தெரிந்து வளரும் பிள்ளை அதை வீணாக்காது. "இனி எனக்குக் கறி வேண்டாம்" என்று சொன்னால் அதையும் மதியுங்கள்.

சங்கத்துக்கு ஒரு யோசனை

கோழி வளர்க்கும் குடும்பங்கள் நான்கைந்து சேர்ந்து ஒரு குழுவாக இருந்தால் என்ன? நிலமும் அனுமதியும் உள்ள ஒருவர் சேவல் வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் அவரிடமிருந்து அடைக்கு முட்டை வாங்கிக்கொள்ளலாம். வளர்ந்த கோழிகளை வீட்டுக்கு வீடு மாற்றினால் நோயும் கூடவே போகும் என்பதால், சுத்தமான அடைமுட்டைகளை மட்டும் மாற்றிக்கொள்வது நல்லது. யார் வீட்டுச் சேவல் நன்றாக நடக்கிறது என்று பார்த்து வம்சம் எடுத்தால், சில வருடங்களில் நம் பகுதிக் குளிருக்குப் பழகிய நல்ல கார்னிஷ் வரிசை ஒன்று நம்மிடமே இருக்கும். விருப்பம் உள்ளவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் பெயர் கொடுங்கள். முதல் வருடம் ஆறு குஞ்சுக்கு மேல் வேண்டாம். குஞ்சு வாங்கும் முன் டவுன்ஷிப்பைக் கேட்க மறக்காதீர்கள்.